ஞாயிற்றுக்கிழமைகளில் பிறந்த படம்



ஞாயிற்றுக்கிழமை வந்தால் என்ன செய்வீர்கள்? எண்ணெய் தேய்த்துக் குளிப்பீர்கள். கிரிக்கெட் ஆடுவீர்கள். டி.வி. பார்ப்பீர்கள். பொழுது சாய்ந்த பிறகு, 'அடடா, வீட்டுப்பாடம்!' என்று ஞாபகம் வரும். சரிதானே?

கொல்கத்தாவில் ஒருவர் இருந்தார். வாரம் முழுக்க அவருக்கு அலுவலக வேலை. ஞாயிற்றுக்கிழமையும் மற்ற விடுமுறை நாட்களும்தான் சொந்த வேலைக்குக் கிடைக்கும். அந்த நாட்களை நம்பி அவர் ஒரு முழுநீள சினிமா எடுக்கத் தொடங்கினார்! அதற்கு முன் அவர் ஒரு படம்கூட எடுத்ததில்லை. கையில் பணமும் இல்லை.

அவர்தான் சத்யஜித் ராய். அந்தப் படம்தான் 1955ல் வெளிவந்து, உலகமே வியந்து பார்த்த 'பதேர் பாஞ்சாலி'. விடுமுறை நாளில் தொடங்கிய ஒரு வேலை எப்படி இவ்வளவு பெரிய படமாக வளர்ந்தது? வாருங்கள், பார்க்கலாம்.

படம் வரைந்தவர் படம் எடுத்தார்

சத்யஜித் ராய் 1921ம் ஆண்டு மே 2ம் தேதி கொல்கத்தாவில் பிறந்தார். அவருடைய தாத்தா உபேந்திரகிஷோர், 1913ல் 'சந்தேஷ்' என்ற சிறுவர் பத்திரிகையைத் தொடங்கியவர். அப்பா சுகுமார் ராய், வங்கக் குழந்தைகள் இன்றும் பாடி மகிழும் வேடிக்கைப் பாடல்களை எழுதியவர். ஆனால், ராய்க்கு இரண்டரை வயதாகும்போதே அப்பா இறந்துவிட்டார். அம்மாதான் அவரை வளர்த்து ஆளாக்கினார்.

ராய் நன்றாக ஓவியம் வரைவார். 1943ல் ஒரு விளம்பர நிறுவனத்தில் ஓவியராக வேலைக்குச் சேர்ந்தார். புத்தகங்களுக்கும் படம் வரைந்து கொடுத்தார். அப்படி அவரிடம் வந்த ஒரு புத்தகம், விபூதிபூஷண் பந்தோபாத்யாய் எழுதிய 'பதேர் பாஞ்சாலி' நாவலின் சிறுவர் பதிப்பு. பதேர் பாஞ்சாலி என்றால் 'பாதையின் பாடல்' என்று பொருள். ஓர் ஏழைக் குடும்பம். அதில் துர்கா என்ற அக்கா, அப்பு என்ற தம்பி. அவர்களைச் சுற்றி ஒரு கிராமம். இதுதான் கதை. படம் வரைய வரைய, இதைச் சினிமாவாக எடுக்க வேண்டும் என்ற ஆசை ராயின் மனதில் விழுந்துவிட்டது.

1950ல் அலுவலக வேலையாக அவர் லண்டன் சென்றார். அங்கே 'பைசைக்கிள் தீவ்ஸ்' என்ற இத்தாலியப் படத்தைப் பார்த்தார். சைக்கிளைத் தொலைத்துவிட்டு அதைத் தேடி அலையும் ஓர் அப்பாவும் மகனும்தான் கதை. நிஜமான தெருக்களிலேயே படம் பிடித்திருந்தார்கள். அந்த அப்பாவும் மகனும் அதற்கு முன் சினிமாவில் நடித்தவர்கள் இல்லை. 'நம் ஊரிலும் இப்படி எடுக்கலாமே!' என்று ராய் முடிவு செய்தார். கப்பலில் ஊர் திரும்பும்போதே குறிப்புகளை எழுதத் தொடங்கிவிட்டார்.

ஊர் திரும்பியதும், ஒவ்வொரு காட்சியும் திரையில் எப்படித் தெரிய வேண்டும் என்று கட்டம் கட்டமாக ஒரு நோட்டில் வரைந்தார். அதை எடுத்துக்கொண்டு தயாரிப்பாளர்களிடம் போனார். ஒருவரும் பணம் போட முன்வரவில்லை. ராய் சோர்ந்து போகவில்லை. 'முதலில் கொஞ்சம் எடுத்துக் காட்டுவோம்' என்று, தன் ஆயுள் காப்பீட்டுப் பாலிசியை அடகு வைத்துப் பணம் புரட்டினார்.

கேமராவைக் கையாள அவர் அழைத்த சுப்ரதா மித்ராவுக்கு வயது 21. அவர் அதற்கு முன் சினிமா கேமராவை இயக்கியதே இல்லை! புகைப்படம் மட்டும் எடுத்துப் பழகியவர். பிரெஞ்சு இயக்குநர் ழான் ரெனுவார் வங்காளத்தில் 'தி ரிவர்' படத்தை எடுத்தபோது, தினமும் போய் வேடிக்கை பார்த்து, விளக்குகள் எங்கெங்கே வைக்கப்படுகின்றன என்று குறிப்பெடுத்து வைத்திருந்தார். அந்த ஆர்வத்தை நம்பித்தான் ராய் அவரை அழைத்தார்.

மாடு மேய்ந்த படப்பிடிப்பு

1952 அக்டோபரில் முதல் படப்பிடிப்பு. கொல்கத்தாவிலிருந்து தள்ளி, பால்சிட் என்ற ஊருக்குப் பக்கத்தில் ரயில் பாதை ஓரமாக ஒரு வெளி. அங்கே 'காஷ்' என்ற நாணல் வகைப் புல் ஆள் உயரத்துக்கு வளர்ந்து, வெள்ளை வெளேரென்று பூத்துக் கிடந்தது. அக்காவும் தம்பியும் அந்தப் பூக்களுக்கு நடுவே ஓடி, வாழ்க்கையில் முதல்முறையாக ரயிலைப் பார்க்க வேண்டும். இதுதான் காட்சி.

முதல் நாளில் பாதிதான் எடுக்க முடிந்தது. மீதியை அடுத்த விடுமுறையில் எடுத்துக்கொள்ளலாம் என்று எல்லாரும் ஊர் திரும்பினார்கள். பிறகு ஆவலோடு வந்து பார்த்தால்... பூவையே காணோம்! இடையில் மாடுகள் வந்து அத்தனையையும் மேய்ந்துவிட்டுப் போயிருந்தன.

என்ன செய்வது? வேறு இடத்தில் எடுத்தால், முதல் பாதிக்கும் அடுத்த பாதிக்கும் பொருந்தாது. காஷ் பூப்பதோ மழைக்காலம் முடிந்த பிறகுதான். ராய் என்ன முடிவு செய்தார் தெரியுமா? அடுத்த ஆண்டு அந்தப் பூ மறுபடி பூக்கும்வரை காத்திருந்தார்! இன்று அந்தக் காட்சியைப் பார்த்தால், துர்காவும் அப்புவும் ஒரே மூச்சில் ஓடுவதுபோல் இருக்கும். நடுவில் ஓர் ஆண்டு ஒளிந்திருப்பது யாருக்குமே தெரியாது.

அப்பு நடந்த நடை

அப்புவாக நடித்த சுபீர் பானர்ஜிக்கு அப்போது ஆறு வயது இருக்கும். பையன் வேண்டும் என்று ராய் பத்திரிகையில் விளம்பரம் கொடுத்துப் பார்த்தார். பலர் வந்தும் யாரும் பொருத்தமாக அமையவில்லை. கடைசியில் ராயின் மனைவி பிஜோயா, பக்கத்து வீட்டில் விளையாடிக்கொண்டிருந்த சிறுவனைக் காட்டினார். அவன்தான் அப்பு!

நாணல் காட்டில் அப்பு அக்காவைத் தேடிக்கொண்டு நடக்க வேண்டும். சற்று நின்று, அங்கும் இங்கும் பார்த்து, மறுபடி நடக்க வேண்டும். ஆனால், கேமரா ஓடத் தொடங்கியதும் சிறுவன் அணிவகுப்பில் நடப்பதுபோல் விறைப்பாக நடந்தான்.

ராய் அவனைத் திட்டவில்லை. 'இன்னும் நன்றாக நடி' என்று நச்சரிக்கவும் இல்லை. அவன் நடக்கும் வழியில் சிறு சிறு குச்சிகளைப் போட்டு வைத்தார். அவற்றைத் தாண்டித் தாண்டிப் போனதில் நடை இயல்பாகிவிட்டது. நாணலுக்குள் சிலரை ஒளிந்திருக்கச் சொல்லி, ஒருவர் மாற்றி ஒருவர் அவனைக் கூப்பிட வைத்தார். குரல் வந்த பக்கமெல்லாம் அவன் திரும்பிப் பார்த்தான். படம் பார்ப்பவர்களுக்கோ, அப்பு அக்காவைத் தேடுவதாகத்தான் தெரியும்!

பணம் தீர்ந்தது, கவலை வந்தது

அந்தக் காலக் கேமராவுக்குள் ஃபிலிம் சுருள் ஓடும். ஒரு விநாடிக்கு 24 படங்கள் பதிவாகும். ஒரு நிமிடக் காட்சிக்கு 90 அடி ஃபிலிம் தேவை. அப்படியானால் இரண்டு மணி நேரப் படத்துக்கு எத்தனை அடி? கணக்குப் போடுங்கள் பார்க்கலாம். 120ஐ 90ஆல் பெருக்கினால் 10,800 அடி! சரியாக வராமல் மறுபடி எடுப்பதெல்லாம் இதற்கு மேல் தனிச் செலவு. எடுத்த ஃபிலிமை அழித்துவிட்டு மறுபடி பயன்படுத்தவும் முடியாது.

பணம் கரைந்துகொண்டே போனது. ராய் ஆசையாகச் சேர்த்து வைத்திருந்த கிராமபோன் இசைத்தட்டுகளை விற்றார். பிஜோயாவின் நகைகள் அடகுக்குப் போயின. அதுவும் தீர்ந்தது. ஏறக்குறைய ஓர் ஆண்டு படப்பிடிப்பே நின்றுபோனது.

இங்கேதான் பெரிய ஆபத்து காத்திருந்தது, குழந்தைகளே. பணம் இன்று இல்லாவிட்டால் நாளை வரலாம். நாணல் அடுத்த ஆண்டு மறுபடி பூக்கும். ஆனால், அப்புவும் துர்காவும் வளர்ந்துவிட்டால்? போன விடுமுறைக்குத் தைத்த சட்டை இந்த விடுமுறைக்கு உங்களுக்கு இறுக்கமாகிவிடுகிறது அல்லவா! அப்படி அவர்கள் உயரமாகிவிட்டால், எடுத்தது அத்தனையும் வீண்தானே?

கதையில் வரும் பாட்டியாக நடித்த சுனிபாலா தேவிக்கோ வயது சுமார் 80. அந்தத் தள்ளாத வயதில் அவருக்கு ஏதாவது நேர்ந்துவிட்டால்? பின்னாளில் ராய் இதை நினைவுகூர்ந்தார். அப்புவின் குரல் உடையவில்லை, துர்கா வளர்ந்துவிடவில்லை, பாட்டி இறந்துவிடவில்லை. இந்த மூன்று அதிசயங்கள்தான் படத்தைக் காப்பாற்றின என்றார் அவர்.

இரண்டு நாய்கள், இரண்டு மிட்டாய்க்காரர்கள்!

ஆனால், எல்லாருக்கும் அந்த அதிசயம் நடக்கவில்லை. படத்தில் அப்பு வீட்டைச் சுற்றி ஒரு நாய் வரும். அம்மா அப்புவுக்குச் சோறு ஊட்டுகிறாள். நாய் அதையே பார்த்துக்கொண்டு நிற்கிறது. மீந்த சோற்றை அம்மா வெளியே கொட்டியதும் ஓடிப்போய்த் தின்கிறது. இந்தக் காட்சியில் பாதியை எடுத்தபோதே வெளிச்சம் போய்விட்டது. பணமும் தீர்ந்துவிட்டது. சில மாதங்கள் கழித்துத் திரும்பி வந்தால், பாவம், அந்த நாய் இறந்து போயிருந்தது! அதே நிறத்தில், அதே வாலோடு இன்னொரு நாயைத் தேடிப் பிடித்து மீதியை எடுத்தார்கள்.

மிட்டாய்க்காரர் கதையும் இப்படித்தான். அவராக நடித்தவரும் பாதியில் இறந்துவிட்டார். அவரைப் போலவே பருமனான ஒருவர் கிடைத்தார். ஆனால் முகம் வேறு! ராய் ஒரு யுக்தி செய்தார். மிட்டாய்க்காரர் மூங்கில் தோப்பிலிருந்து வருவது முதலில் எடுத்த காட்சி. அதில் பழைய ஆள். அடுத்து அவர் ஒரு வீட்டு வாசலுக்குள் நுழைய வேண்டும். அதில் புதிய ஆள், கேமராவுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு நுழைகிறார்! முகமே தெரியவில்லை. பார்ப்பவர்கள் ஒருவரே என்றுதான் நினைப்பார்கள்.

அந்த மிட்டாய்க்காரர் பின்னால் அக்கா, தம்பி, அவர்களுக்குப் பின்னால் நாய் என்று வரிசையாகப் போகும் காட்சி மிக அழகானது. நாய் முதலில் பின்தொடர மறுத்தது. துர்கா தன் கையை முதுகுக்குப் பின்னால் வைத்து, அதில் சந்தேஷ் என்ற இனிப்பை மறைத்துக்கொண்டு நடந்தாள். அப்புறம் என்ன? நாய் சமர்த்தாகப் பின்னாலேயே வந்தது!

மழைக்காட்சிக்கும் ஒரு சோதனை. கையில் பணம் வந்து சேர்ந்தபோது மழைக்காலம் முடிந்துவிட்டது. தினமும் எல்லாரும் கிராமத்துக்குப் போய் வானத்தைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்கள். ஒருநாள் திடீரென்று மேகம் கறுத்து, மழை கொட்டியது. மரத்தடியில் துர்கா தன் சேலைத் தலைப்பால் தம்பியைப் போர்த்தி அணைத்துக்கொள்வாள். அந்தச் சிறுவனின் உடல் நடுங்கியது நடிப்பல்ல. குளிரில் நிஜமாகவே நடுங்கினான். காட்சி முடிந்ததும் பிள்ளைகளுக்குச் சூடான பால் கொடுத்தார்கள்.

பாட்டியின் ஞாபகசக்தி

இப்படித் துண்டு துண்டாக எடுக்கும் படத்துக்கு மிக முக்கியமான ஒன்று உண்டு. சினிமாக்காரர்கள் அதைக் 'கன்டினியுட்டி' என்பார்கள். தொடர்ச்சி என்று நாம் சொல்லலாம். ஒரு காட்சியில் வலது கையில் சொம்பு இருந்தால், அதன் தொடர்ச்சியை ஆறு மாதம் கழித்து எடுத்தாலும் சொம்பு வலது கையில்தான் இருக்க வேண்டும். இடது கைக்கு மாறிவிட்டால் பார்ப்பவர்கள் சிரித்துவிடுவார்கள்.

இதில் யார் கெட்டிக்காரர் தெரியுமா? 80 வயது சுனிபாலா தேவிதான்! அவர் இளவயதில் மேடை நாடகங்களில் நடித்தவர். மூட்டை எந்தக் கையில் இருந்தது, எந்தக் கை நனைந்திருந்தது, மேலே போர்வை இருந்ததா இல்லையா என்பதையெல்லாம் நினைவில் வைத்திருந்து, மற்றவர்கள் மறந்ததைச் சுட்டிக்காட்டுவாராம். படம் வெளிவருவதற்கு முன்பே அவர் காலமானார். நல்லவேளையாக, அதற்குள் ராய் புரொஜெக்டரை அவருடைய வீட்டுக்கே எடுத்துச் சென்று படத்தைக் காட்டியிருந்தார்.

சாலைக்கு வந்த பணம்

நின்றுபோன படத்துக்கு வழி பிறந்தது எப்படி? ராயின் அம்மாவுக்குத் தெரிந்த ஒருவர் மூலம், மேற்கு வங்க முதல்வர் டாக்டர் பிதான் சந்திர ராயிடம் உதவி கேட்கப்பட்டது. மாநில அரசு பணம் கொடுக்க ஒப்புக்கொண்டது. படத்தின் பெயரில் 'பாதை' இருக்கிறதல்லவா? சாலை மேம்பாட்டுக் கணக்கில் அந்தப் பணம் எழுதப்பட்டது என்று இன்றும் வேடிக்கையாகச் சொல்வார்கள்!

நியூயார்க்கில் உள்ள நவீனக் கலை அருங்காட்சியகத்தைச் சேர்ந்த மன்ரோ வீலர் 1954ல் கொல்கத்தா வந்திருந்தார். பாதிப் படத்தைப் பற்றி அறிந்து, முடித்துக் கொடுத்தால் எங்கள் அரங்கில் திரையிடுகிறோம் என்று ஊக்கமூட்டினார். சிதார் மேதை ரவிசங்கர் ஒரே இரவில் விடிய விடிய உட்கார்ந்து படத்துக்கு இசையமைத்துக் கொடுத்தார். படத்தொகுப்பாளர் துலால் தத்தாவும் ராயும் இரவு பகல் பாராமல் உழைத்தார்கள்.

1955 மே 3ம் தேதி நியூயார்க்கில் முதல் காட்சி. ஆகஸ்ட் 26ம் தேதி கொல்கத்தாவில் வெளியானது. அந்த ஆண்டின் சிறந்த இந்தியப் படத்துக்கான குடியரசுத் தலைவரின் தங்கப் பதக்கத்தைப் பெற்றது. 1956ல் பிரான்ஸ் நாட்டின் கான் திரைப்பட விழாவிலும் பரிசு பெற்றது. 1992ல் ராய்க்குச் சிறப்பு ஆஸ்கர் விருதும் பாரத ரத்னாவும் கிடைத்தன. அந்த ஆண்டு ஏப்ரல் 23ம் தேதி அவர் மறைந்தார்.

லண்டனில் ஒரு சனிக்கிழமைக் கூட்டம்

'இதெல்லாம் அந்தக் காலம்' என்று நினைக்கிறீர்களா? இன்று உலகப் புகழ்பெற்ற இயக்குநரான கிறிஸ்டோபர் நோலனின் முதல் படம் 'ஃபாலோயிங்'. 1998ல் வெளிவந்தது. நடித்தவர்களும் உடன் உழைத்தவர்களும் வாரநாட்களில் வேறு வேலைக்குப் போகிறவர்கள். அதனால் சனிக்கிழமைதோறும் கூடி, சுமார் ஓர் ஆண்டில் படத்தை எடுத்து முடித்தார்கள். ஃபிலிம் செலவுதான் பெரிய செலவு என்பதால், நாடகம்போல முன்கூட்டியே பலமுறை ஒத்திகை பார்த்துக்கொண்டார்கள். ஒருமுறை அல்லது இருமுறை எடுத்தாலே காட்சி சரியாக வந்துவிடும்! கையில் உள்ள நாள் குறைவு என்றால், அதற்கு முந்தைய நாட்களில் ஆயத்தம் செய்ய வேண்டும். ராய் நோட்டில் கட்டம் கட்டமாக வரைந்ததும் இதற்காகத்தானே!

நீங்களும் எடுக்கலாம்!

ஃபிலிம் வாங்கும் கவலை உங்களுக்கு இல்லை. அம்மாவோ அப்பாவோ அனுமதித்தால், அவர்களுடைய செல்போனே போதும். மூன்று ஞாயிற்றுக்கிழமைகளில் ஒரு நிமிடப் படம் எடுத்துப் பாருங்கள். கதை சிறியதாக இருக்கட்டும். தொலைந்த பேனாவைத் தேடுவது, பூனைக்குப் பால் வைப்பது... இப்படி ஏதாவது.

1. ஒரு நோட்டில் ஆறு கட்டங்கள் போடுங்கள். கட்டத்துக்கு ஒரு காட்சியாக வரையுங்கள். அழகாக வர வேண்டாம்; புரிந்தால் போதும்.

2. வாரநாட்களில் ஒத்திகை பாருங்கள். ஞாயிறன்று இரண்டு காட்சிகள் மட்டும் எடுங்கள்.

3. நடிப்பவரின் உடை, தலைவாரல், கையில் உள்ள பொருள், எந்தக் கை என்று எல்லாவற்றையும் எழுதி வையுங்கள். மறுவாரம் அதேபோல் இருக்க வேண்டும்.

4. மூன்று வாரமும் ஒரே நேரத்தில் எடுங்கள். காலையில் எடுத்த காட்சியோடு மாலையில் எடுத்ததைச் சேர்த்தால், நிழல் காட்டிக்கொடுத்துவிடும்.

5. நடிப்பவர் தம்பியோ தங்கையோ என்றால் அதட்டாதீர்கள். ராய் குச்சி போட்டதுபோல் ஏதாவது யுக்தி செய்யுங்கள்.

முடித்ததும், கதை தெரியாத ஒருவருக்குப் போட்டுக் காட்டுங்கள். தாத்தா, பாட்டி நல்ல பார்வையாளர்கள்! "இது எத்தனை நாளில் எடுத்தது?" என்று கேளுங்கள். "ஏன், ஒரே நாளில்தானே?" என்று அவர்கள் சொன்னால், அந்த மூன்று ஞாயிறுகளும் ஒழுங்காக ஒன்று சேர்ந்துவிட்டன என்று பொருள்.

இடையில் மாடு வந்து எதையாவது தின்றுவிட்டால் கலங்காதீர்கள். அடுத்த ஞாயிறு வரத்தான் போகிறது!